வெர்ஜிலைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு: எந்தப் பதிப்பு, எந்த வரிசை, எத்தனை நாள்

இத்தாலியக் கவி தாந்தேயைப் பிரித்தால் முதல் சருக்கத்திலேயே ரோமானியக் கவி வெர்ஜில் வந்து நிற்கிறார். ஆங்கிலக் கவி மில்டனைப் பிரித்தால் பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்பில் அவர் பெயர். சரி, இவரை முடித்துவிட்டுத்தான் மற்றவர்களிடம் போவது என்று முடிவு செய்து அவருடைய லத்தீன் காவியமான ‘ஈனியட்’டைக் கையில் எடுத்தேன். பன்னிரண்டு காண்டங்களையும் முடிக்க இரண்டரை வருடம் ஆயிற்று. ஆனால் உண்மையில் படித்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் பதினெட்டு மணி நேரம்கூட வராது. மீதிக் காலமெல்லாம் தவறான பதிப்பு, தவறான வரிசை, தேவையே இல்லாத முன்தயாரிப்பு என்று போய்விட்டது. உங்களுக்கு அப்படிப் போக வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இது ஆங்கில மொழிபெயர்ப்பில் படிக்கப்போகிறவர்களுக்கான வழிகாட்டி. லத்தீன் தெரிந்திருக்கத் தேவையில்லை. ‘புக்’ என்று அச்சிட்டிருப்பதைக் காண்டம் என்றும், தாந்தேயில் ‘கேன்டோ’ என்று வருவதைச் சருக்கம் என்றும் சொல்கிறேன். 4.23 என்று எழுதினால் நான்காம் காண்டம், 23ஆம் வரி. உலகம் முழுக்க இப்படித்தான் குறிப்பிடுகிறார்கள், இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

1. ஹோமரை முடித்துவிட்டு வரலாம் என்று காத்திருக்காதீர்கள்

யாரைக் கேட்டாலும் முதலில் கிரேக்கக் கவி ஹோமரின் ‘இலியட்’, அப்புறம் ‘ஒடிசி’, அதற்குப் பிறகுதான் வெர்ஜில் என்பார்கள். காரணம் இல்லாமல் சொல்வதில்லை. ஈனியட்டின் முதல் ஆறு காண்டங்கள் கடலில் அலைவது, ஒடிசியைப் போல. பின் ஆறு காண்டங்கள் போர், இலியட்டைப் போல. ஆனாலும் ஹோமரின் நாற்பத்தெட்டுக் காண்டங்களை நுழைவுக் கட்டணமாகக் கட்டிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்று நினைத்தால், பாதிப் பேர் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். இலியட்டின் இரண்டாம் காண்டத்தில் வரும் கப்பல் பட்டியலில் நான் நின்றது ஏழு மாதம்.

உங்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். ட்ராய் நகரத்து இளவரசன் பாரிஸ், கிரேக்க அரசன் மனைவி ஹெலனைக் கொண்டுவந்ததால் பத்து வருடப் போர். ட்ராயின் பெரிய வீரன் ஹெக்டரைக் கிரேக்க வீரன் அக்கிலீஸ் கொன்றுவிட்டான். நகரம் வீழ்ந்தபோது தப்பியவன் ஈனியஸ். தாய் வீனஸ் தேவி, தந்தை அங்க்கைசிஸ் என்ற மனிதர். இத்தாலிக்குப் போய் ஒரு புதிய குலத்தை நிறுவுவது இவனுக்கு விதி. அந்தக் குலத்திலிருந்துதான் ரோம் வரும். ஜூனோ தேவிக்கு ட்ராய்க்காரர்கள்மேல் தீராத பகை. அவள் நேசிக்கும் கார்தேஜ் நகரத்தை ஒருநாள் ரோம் அழிக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். அவ்வளவுதான்.

இன்னொன்று. கிரேக்கர்கள் மரக்குதிரைக்குள் ஒளிந்து ட்ராய்க்குள் நுழைந்த கதை இலியட்டில் இருக்கும் என்று தேடாதீர்கள். இலியட் ஹெக்டரின் ஈமச்சடங்கோடு முடிந்துவிடுகிறது. ஒடிசியில் குதிரை அங்கங்கே துண்டாக வரும். அந்தக் கதையை நின்று நிதானமாகச் சொல்வது ஈனியட்டின் இரண்டாம் காண்டம்தான். ஹோமரில் அதைத் தேடி ஏமாந்த பிறகுதான் எனக்கு இது தெரிந்தது.

2. பதிப்பைத் தேர்ந்தெடுப்பது

பணமும் காலமும் அதிகம் வீணாவது இங்கேதான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் இலவசம். குட்டன்பர்க் தளத்தில் ஜான் டிரைடனின் 1697ஆம் வருட மொழிபெயர்ப்பும், மக்கெய்லின் 1885ஆம் வருட உரைநடை மொழிபெயர்ப்பும் கிடைக்கின்றன. இரண்டும் காப்புரிமை முடிந்தவை. ஏ. எஸ். க்ளைன் என்பவரின் இன்றைய ஆங்கில மொழிபெயர்ப்பை அவருடைய தளத்திலேயே கட்டணமின்றிப் படிக்கலாம். லத்தீன் மூலத்தைப் பார்க்க ஆசைப்பட்டால் பெர்சியஸ் என்ற தளம். அங்கே ஒரு சொல்லைத் தொட்டால் அதன் பொருளும் இலக்கணமும் வரும். கேட்டுப் படிப்பவர்களுக்கு லிப்ரிவாக்ஸில் ஒலி வடிவம் இருக்கிறது.

இதில் டிரைடனால் வரும் சிக்கல் ஒன்று. ஆங்கிலக் கவிதையாக அது பெரிய சாதனை, எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் எதுகை வரும் ஈரடிகளில் எழுதியிருப்பதால் வரிகள் பெருகிவிட்டன. லத்தீனில் முதல் காண்டம் 756 வரி, டிரைடனில் அது ஆயிரத்தைத் தாண்டுகிறது. ஆகவே ஒரு கட்டுரையில் ‘1.462 பார்க்க’ என்று இருந்தால், டிரைடனின் 462ஆம் வரியில் வேறு ஏதோ இருக்கும். நான் ஒரு மாதம் இப்படித் தப்பான வரிகளைப் பார்த்துக் குறிப்பெடுத்தேன், பிறகு மொத்தத்தையும் அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். டிரைடனை மகிழ்ச்சிக்குப் படியுங்கள், மேற்கோள் தேட வேண்டாம்.

விலை கொடுத்து வாங்குவதானால் நிறைய இருக்கின்றன. ராபர்ட் ஃபேகில்ஸ் (2006), ராபர்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு (1983), ஆலன் மாண்டல்பாம் (1971) மூவரும் கவிதை வடிவம். டேவிட் வெஸ்ட் (1990) உரைநடை. ஃப்ரெடரிக் ஆல் (2007), சாரா ரூடன் (2008) இருவரும் லத்தீன் வரிக்கு ஒரு ஆங்கில வரி என்று கணக்கு வைத்துச் செய்தவர்கள். முதல் முறை படிக்க வெஸ்ட் என்பது என் கருத்து. கதை தடையில்லாமல் ஓடும். வெர்ஜிலைப் பிற்காலத்தவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் நாள் வரும்போது ஆல் அல்லது ரூடன் இருந்தால் வரி எண் தலைவலி கிடையாது. ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ரூடன்.

லோயப் வரிசையின் சிவப்பு அட்டைப் புத்தகங்களை யாராவது பரிந்துரைப்பார்கள். இடப்பக்கம் லத்தீன், வலப்பக்கம் ஆங்கிலம். ஈனியட் மட்டுமே இரண்டு தொகுதிகளில் பிரிந்து கிடக்கிறது, 63ஆம் எண்ணும் 64ஆம் எண்ணும். இறக்குமதி விலை, தொகுதிக்கு ஆயிரங்களில். தொடக்கத்தில் வேண்டவே வேண்டாம். இவற்றின் பழைய அச்சுகள் காப்புரிமை முடிந்து வருடுபடமாகக் கிடைக்கின்றன. தேவைப்படும்போது அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

வாங்கும் முன் நான்கு விஷயங்களைப் பாருங்கள். பன்னிரண்டு காண்டமும் இருக்கிறதா? மொழிபெயர்ப்பாளர் பெயர் அட்டையில் இருக்கிறதா? ஓரத்தில் வரி எண் இருக்கிறதா? பின்னால் பெயர் அகராதி இருக்கிறதா? இரண்டாவது கேள்விக்கு ‘இல்லை’ என்றால் அந்தப் புத்தகத்தை விட்டுவிடுங்கள். இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் எழுநூற்றுச் சொச்சம் ரூபாய்க்கு நான் வாங்கிய மறுஅச்சு அழகான அட்டையோடு வந்தது. உள்ளே ஆறு காண்டம்தான். மொழிபெயர்த்தவர் யார் என்று எங்கும் இல்லை. திருப்பி அனுப்பும் கெடு முடிந்த பிறகுதான் ஆறாம் காண்டத்தின் கடைசிப் பக்கத்துக்கே வந்து சேர்ந்தேன்.

ஒரு சின்னச் சோதனையும் சொல்கிறேன். இணையக் கடைகளில் முதல் சில பக்கங்களைத் திறந்து காட்டுவார்கள். அதில் 1.462 இருக்கிறதா பாருங்கள். கார்தேஜில் ஜூனோவின் கோயிலில் ட்ராய்ப் போர்க் காட்சிகள் தீட்டியிருப்பதைக் கண்டு ஈனியஸ் கண்கலங்கும் இடம். ‘சுன்ட் லாக்ரிமை ரேரும்’ என்பது லத்தீன். சொல்லுக்குச் சொல் எடுத்தால் ‘பொருள்களின் கண்ணீர் இருக்கிறது’. நடந்தவற்றுக்குக் கண்ணீரா, உலகத்துக்கே இயல்பான கண்ணீரா, இங்கேயும் நமக்காக அழுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதா? ஒவ்வொரு மொழிபெயர்ப்பாளரும் இங்கே ஒரு பக்கம் சாய்வார். அவர் சாய்ந்த விதம் உங்களுக்குப் பிடித்தால் அடுத்த பத்தாயிரம் வரியும் அவரோடு போகலாம்.

நூலகத்தில் தேடுபவர்கள் கவனிக்க: ஆங்கிலத்தில் இவர் பெயரின் இரண்டாவது எழுத்தை ‘ஐ’ என்றும் எழுதுவார்கள், ‘ஈ’ என்றும் எழுதுவார்கள். கணினியில் இரண்டையும் போட்டுத் தேடுங்கள். டியூயி எண் முறையைப் பின்பற்றும் நூலகமானால் நேராக 873ஆம் எண் அலமாரிக்குப் போகலாம், லத்தீன் காவியங்கள் அங்கே இருக்கும். தாந்தேக்கு 851, மில்டனுக்கு 821. ஒருமுறை அட்டவணையில் ‘இல்லை’ என்று வந்த புத்தகம் 873இல் தூசியோடு இருந்தது.

3. ஒரு பக்கத்துக்குப் பெயர்த்தாள் எழுதிக்கொள்ளுங்கள்

இதைச் செய்யாமல் உள்ளே போக வேண்டாம். அரை மணி நேர வேலைதான். அர்ச்சுனனைப் பார்த்தன், தனஞ்சயன், விசயன் என்று மாற்றி மாற்றிச் சொன்னால் நமக்குக் குழப்பம் வருவதில்லை, சிறு வயதிலிருந்தே கேட்டது. வெர்ஜிலிலும் அதே பழக்கம். ட்ராய்க்காரர்கள் டியூக்ரியர், டார்டனியர், ஃப்ரிஜியர் என்றெல்லாம் வருவார்கள். கிரேக்கர்கள் டனயர், ஆர்கைவ், அக்கீயர், பெலாஸ்ஜியர். கார்தேஜ்காரர்கள் டைரியர், ஃபினீஷியர், சிடோனியர். இத்தாலி என்பது ஹெஸ்பீரியா, ஆசோனியா. ஈனியஸின் மகன் அஸ்கேனியஸ்தான் இயூலஸ். கார்தேஜ் அரசி டைடோவுக்கு எலிஸ்ஸா என்றும் பெயர். அக்கிலீஸின் மகன் பிர்ரஸும் நியோப்டோலமஸும் ஒருவனே. நான் இவனை இரண்டு பேராக நினைத்துக்கொண்டே இரண்டாம் காண்டத்தைப் படித்து முடித்தேன்.

தெய்வங்கள் ரோமானியப் பெயரில் வருவார்கள். ஹோமர் பக்கம் போகும்போது கிரேக்கப் பெயர் வேண்டியிருக்கும் என்பதால் எதிரே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: ஜூபிடர் அங்கே சூஸ், ஜூனோ அங்கே ஹீரா, வீனஸ் அங்கே அஃப்ரோடைட்டி, நெப்டியூன் அங்கே பொசைடன், மெர்க்குரி அங்கே ஹெர்மீஸ். யூலிசிஸ் என்றால் ஒடிசியஸ்.

கூடவே ஒரு மத்தியதரைக்கடல் வரைபடம். ட்ராய், த்ரேஸ், டீலோஸ், கிரீட், எபைரஸ், சிசிலி, கார்தேஜ், க்யூமே, டைபர் நதியின் முகத்துவாரம். இந்தப் புள்ளிகளைக் கோட்டால் இணைத்துவிட்டால் மூன்றாம் காண்டம் பாதி படித்த மாதிரி. பெரிய தாளில் அச்செடுக்க எனக்கு ஆன செலவு இருபது ரூபாய்.

4. இரண்டு, நான்கு, ஆறு: முதலில் இந்த மூன்று காண்டங்கள்

முதல் பக்கத்தில் தொடங்கிக் கடைசிப் பக்கம்வரை வரிசையாகப் போவது தப்பில்லை. ஆனால் மூன்றாம் காண்டத்திலோ ஐந்தாம் காண்டத்திலோ புத்தகம் கீழே போய்விடும், மறுபடி எடுக்க மாதக்கணக்காகும். முதல் காண்டத்தை மட்டும் ஓட்டமாகப் படித்துவிட்டு 2, 4, 6 என்று போங்கள். இது என் கண்டுபிடிப்பு இல்லை. வெர்ஜிலே அகஸ்டஸ் பேரரசனுக்கு வாசித்துக் காட்டியது இந்த மூன்றைத்தான் என்று அவருடைய பழைய வாழ்க்கைக் குறிப்பு சொல்கிறது.

இரண்டாம் காண்டம், 804 வரி: ட்ராய் எரிகிறது. டைடோவின் விருந்தில் ஈனியஸ் தானே சொல்லும் கதை இது, நடப்பதெல்லாம் பின்னோக்கு. ட்ராயின் முதிய அரசர் ப்ரையம் பலிபீடத்தின் அருகே கொல்லப்படும் இடத்தையும், தந்தையைத் தோளில் தூக்கி மகனைக் கையில் பிடித்து ஈனியஸ் வெளியேறும் இடத்தையும் மெதுவாகப் படியுங்கள். நடுவில் 567 முதல் 588வரை 22 வரிகள் சில பதிப்புகளில் அடைப்புக்குறிக்குள் இருக்கும். முக்கியமான பழைய ஏடுகளில் இல்லாத வரிகள் அவை. பழைய உரையாசிரியர் செர்வியஸ் வழியாகத்தான் வந்து சேர்ந்திருக்கின்றன. அச்சுப்பிழை என்று நினைத்துத் தாண்டிவிடாதீர்கள்.

நான்காம் காண்டம், 705 வரி: டைடோ ஈனியஸைக் காதலிக்கிறாள், அவன் விட்டுப் போகிறான், அவள் உயிரை விடுகிறாள். ஒரே மூச்சில் படிக்க வேண்டியது, நடுவில் நிறுத்தாதீர்கள். ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி, கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள். யார் பக்கம் நியாயம் என்று படிக்கும்போதே முடிவு கட்ட வேண்டாம். இரண்டாயிரம் வருடமாக வாசகர்கள் இதில் மாறி மாறி நின்றிருக்கிறார்கள்.

ஆறாம் காண்டம், 901 வரி: பாதாளம். பிற்கால இலக்கியத்துக்கு வாசல் இதுதான். இரண்டு மாலைகள் தேவைப்படும். முதல் நாள் டைடோவின் ஆவியைச் சந்திக்கும் இடம்வரை (6.476). ஈனியஸ் அழுது மன்றாடுகிறான், அவள் ஒரு சொல்லும் பேசாமல் தரையைப் பார்த்து நின்றுவிட்டுத் திரும்பிப் போகிறாள். அதற்கு மேல் அன்றைக்கு எதையும் படிக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டாம் நாள் தந்தை அங்க்கைசிஸ் வருங்கால ரோமானியர்களை வரிசையாகக் காட்டும் பகுதி. பெயர்கள் குவியும், எல்லாவற்றையும் அகராதியில் தேட வேண்டாம். இரண்டை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். 6.853: ‘பணிந்தவரை விட்டுவிடு, இறுமாந்தவரைப் போரில் அடக்கு’ என்று தந்தை மகனுக்குச் சொல்வது. அடுத்தது 6.883: சின்ன வயதில் இறந்த மார்செல்லஸின் பெயர், அகஸ்டஸின் சகோதரி மகன். வெர்ஜில் இதை வாசித்தபோது அவனுடைய தாய் ஒக்டேவியா அவையிலேயே மயங்கி விழுந்ததாக அதே வாழ்க்கைக் குறிப்பு சொல்கிறது.

5. மீதிக் காண்டங்கள்

இப்போது 3, 5. மூன்றில் தொடக்கத்தில் வரும் பாலிடோரஸ் நிகழ்ச்சியைக் கட்டாயம் படியுங்கள். செடியைப் பிடுங்கினால் இரத்தம் வருகிறது, உள்ளேயிருந்து குரல் கேட்கிறது. இது பின்னால் உதவும். ஐந்தில் பெரும்பகுதி விளையாட்டுப் போட்டி. படகுப் போட்டியையும், கடைசியில் மாலுமி பாலினூரஸ் தூக்கத்தில் கடலில் விழுவதையும் படித்தால் போதும்.

ஏழாம் காண்டத்தின் கடைசியில் வரும் படைப் பட்டியல்தான் இரண்டாவது பெரிய சறுக்கல். வேகமாகப் பார்த்துக்கொண்டே போங்கள், கடைசியில் வரும் எதிரணி வீரர்கள் டர்னஸ், கமில்லா இரண்டு பேரிடம் நின்றால் போதும். எட்டில் ஈனியஸின் கேடயம். ஒன்பதில் நைசஸ், யூரியலஸ் என்ற இரு நண்பர்களின் இரவு. பத்தாம் காண்டத்தில் டர்னஸ் ஈனியஸின் பக்கம் போரிடும் இளைஞன் பல்லாஸைக் கொன்று அவனுடைய வார்ப்பட்டையை எடுத்துக்கொள்ளும் இடத்தைப் (10.496) பென்சிலால் குறித்துவையுங்கள். அந்தப் பட்டையில்தான் காவியம் முடிகிறது.

முடிவைப் பற்றி எச்சரிக்க வேண்டும். 12.952இல் காவியம் சட்டென்று நின்றுவிடும். டர்னஸ் மண்டியிட்டுக் கெஞ்சுகிறான், ஈனியஸ் தயங்குகிறான், பல்லாஸின் பட்டை கண்ணில் படுகிறது, கொன்றுவிடுகிறான். திருமணம் இல்லை, நகரம் எழவில்லை. என் புத்தகத்தில் பக்கம் கிழிந்திருக்கிறதோ என்று தைத்த இடத்தைப் பிரித்துப் பார்த்தேன். அப்படி எதுவும் இல்லை. உடனே 6.853க்குத் திரும்பிப் போய்த் தந்தை சொன்னதை மறுபடி படியுங்கள். பணிந்தவனை அவன் விடவில்லை. 1428இல் மஃபேயோ வெஜ்ஜோ என்ற இத்தாலியர் இந்த முடிவைப் பொறுக்க முடியாமல் பதின்மூன்றாம் காண்டம் ஒன்றை எழுதிச் சேர்த்தார். பழைய பதிப்புகள் சிலவற்றில் அதுவும் இருக்கும், அது வெர்ஜில் இல்லை. அதேபோல் ‘ஆர்மா விரும்க்வே கானோ’ (‘படைக்கலங்களையும் ஒரு மனிதனையும் பாடுகிறேன்’) என்ற தொடக்கத்துக்கு முன்னால் நான்கு வரி கூடுதலாக இருந்தால், அதையும் வெர்ஜிலுடையதாக இன்றைய பதிப்பாசிரியர்கள் பெரும்பாலோர் ஏற்பதில்லை.

வரிக்கு வரி போகும் பதிப்பில் அங்கங்கே பாதியில் நிற்கும் வரிகள் வரும், ஐம்பதுக்கும் மேல் உண்டு. கி.மு. 19இல் வெர்ஜில் இறந்தபோது திருத்தம் முடியவில்லை. எரித்துவிடச் சொன்ன காவியத்தை அகஸ்டஸ் வெளியிடச் செய்தான். அந்த அரைவரிகள் அப்படியே நிற்கின்றன.

6. தாக்கத்தைத் தேடுவது: இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்

இந்தக் கட்டுரையை எழுதவைத்ததே இந்தப் பகுதிதான். வெர்ஜில் பிற்காலக் கவிகளைப் பெரிதும் பாதித்தார் என்று எல்லா முன்னுரையிலும் எழுதியிருக்கும். அதை நூறு முறை படித்தாலும் ஒன்றும் பிடிபடாது. ஒரே ஒரு பத்தியை எடுத்து, அதை வாங்கியவர் என்ன மாற்றினார் என்று பார்த்தால் பத்து நிமிடத்தில் பிடிபடும். ஒரு நாளைக்கு ஒன்று போதும். ஒரு குறிப்பேட்டில் இடப்பக்கம் வெர்ஜில், வலப்பக்கம் மற்றவர்.

முதல் பயிற்சி, உதிரும் இலைகள். இலியட் 6.146இல் மனிதத் தலைமுறைகள் இலைகளைப் போல என்று ஒரு வீரன் சொல்கிறான். ஒன்று உதிரும், அடுத்தது துளிர்க்கும். வெர்ஜில் (6.309) அந்த இலைகளைப் பாதாள ஆற்றங்கரைக்குக் கொண்டுபோகிறார். இலையுதிர்காலத்தின் முதல் குளிரில் காட்டில் விழும் இலைகள் எத்தனையோ, அத்தனை ஆவிகள் அக்கரைக்குக் கை நீட்டி நிற்கின்றன. துளிர்ப்பது போய்விட்டது, உதிர்வது மட்டும் மிச்சம். தாந்தே (நரகத்தைப் பாடும் ‘இன்ஃபெர்னோ’ 3.112) அதே ஆற்றங்கரையில், அதே படகோட்டியின் முன்னால், இலைகளை ஒவ்வொன்றாக விழவைக்கிறார். கடைசியில் கிளை தன் இலைகளெல்லாம் தரையில் கிடப்பதைப் பார்க்கிறது. கூட்டமாக இருந்தது தனித்தனி மனிதர்களாகிவிட்டது. மில்டன் (‘பாரடைஸ் லாஸ்ட்’ முதல் காண்டம், 302) இலைகளை இத்தாலியின் வல்லம்ப்ரோசாவின் ஓடைகளில் பரப்பி, நரக ஏரியில் வீழ்ந்து கிடக்கும் தேவதூதர்களுக்கு உவமையாக்குகிறார். நான்கு இடமும் சேர்த்து இருபது வரிகூட இல்லை. ‘தாக்கம்’ என்ற சொல்லுக்கு எனக்கு அன்றைக்குத்தான் பொருள் தெரிந்தது.

இரண்டாவது, மூன்று முறை தழுவுதல். ஒடிசி 11இல் ஒடிசியஸ் தாயின் ஆவியைத் தழுவப் போகிறான், மூன்று முறையும் கை வெறுமையாகத் திரும்புகிறது. வெர்ஜில் இதை இரண்டு முறை பயன்படுத்துகிறார், இறந்த மனைவி க்ரெயூசாவுக்கு (2.792), பிறகு தந்தைக்கு (6.700). அதே மூன்று வரிகள், ஒரு சொல் மாறாமல். தாந்தேயில் (ஆன்மாக்கள் தூய்மைபெறும் மலையைப் பாடும் ‘புர்கத்தோரியோ’ 2.80) அது பாடகர் நண்பர் கசெல்லாவுக்குப் போகிறது.

மூன்றாவது, பாதாள நாய் செர்பெரஸ். வெர்ஜிலில் (6.417) வழிகாட்டும் பெண் சிபில் மயக்க மருந்து கலந்த தேன் பண்டத்தை எறிகிறாள். தாந்தேயில் (இன்ஃபெர்னோ 6) வழிகாட்டி வெர்ஜிலேதான், அவர் எறிவது இரண்டு கை மண். பாலிடோரஸின் இரத்தம் வடியும் செடியை இன்ஃபெர்னோ 13இல் நீங்களே கண்டுபிடிப்பீர்கள்.

கடைசிப் பயிற்சிக்கு அவசரப்படாதீர்கள், நான்காம் காண்டம் நன்றாகப் பதிந்த பிறகு செய்யுங்கள். டைடோ தன் தங்கையிடம் ‘பழைய நெருப்பின் தடங்களை அறிகிறேன்’ என்கிறாள் (4.23). கணவன் இறந்த பிறகு முதல் முறையாக மனம் அசைவதைச் சொல்லும் வரி. இப்போது புர்கத்தோரியோ 30. அறுபத்துச் சொச்சம் சருக்கங்களாகத் தன்னைக் கைப்பிடித்துக் கூட்டிவந்த வெர்ஜிலின் பக்கம், பயந்த குழந்தை தாயிடம் ஓடுவது போல, தாந்தே திரும்புகிறார். அவர் காதலித்து, இறந்துபோன பெயத்ரிச்சே எதிரே வந்திருக்கிறாள். ‘பழைய நெருப்பின் அடையாளங்களை அறிகிறேன்’ என்று சொல்ல வாயெடுக்கிறார். வெர்ஜிலின் வரியை வெர்ஜிலிடமே. திரும்பிப் பார்த்தால் வெர்ஜில் அங்கே இல்லை. அடுத்த மூன்று வரிகளில் அவர் பெயர் மூன்று முறை வருகிறது. அதுவும் வெர்ஜிலிடமிருந்து வந்ததுதான். அவருடைய இன்னொரு நூலான ‘ஜியார்ஜிக்ஸ்’ நான்காம் பகுதியில் (4.525), வெட்டுண்ட ஆர்ஃபியஸின் தலை ஆற்றில் மிதந்துகொண்டே இறந்த மனைவி யூரிடிசியின் பெயரை மூன்று முறை அழைக்கிறது. ஒரு கவி இன்னொரு கவிக்கு இதைவிடப் பெரிய விடைகொடுப்பு செய்ததாக நான் எங்கும் படித்ததில்லை.

7. அடுத்து யாரைப் படிப்பது

எல்லாவற்றையும் முழுதாகப் படிக்க வேண்டாம். பின்வருபவை பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கும்.

ரோமானியக் கவி ஓவிடின் ‘ஹீரோயிடிஸ்’ ஏழாவது கடிதம், அரை மணி நேரம். டைடோ ஈனியஸுக்கு எழுதுவதாக வருவது. வெர்ஜிலில் அவள், ஒரு சின்ன ஈனியஸாவது என் முற்றத்தில் விளையாடியிருந்தால் என்று ஏங்குகிறாள் (4.328). ஓவிடில் அவள், ஒருவேளை நான் கருவுற்றிருக்கலாம் என்கிறாள். அந்த ஒரு மாற்றம் ஈனியஸின் குற்றத்தை எவ்வளவு பெரிதாக்கிவிடுகிறது பாருங்கள். அப்புறம் புனித அகஸ்டின் ‘கன்ஃபெஷன்ஸ்’ முதல் நூல், பதின்மூன்றாம் அத்தியாயம், இரண்டு பக்கம்தான். டைடோவுக்காக அழுத தான் தன் ஆன்மாவுக்காக அழவில்லையே என்று வருந்துகிறார்.

தாந்தேக்கு லாங்ஃபெல்லோவின் 1867ஆம் வருட மொழிபெயர்ப்பு இலவசம். இன்ஃபெர்னோவில் 1 முதல் 6, 13, புர்கத்தோரியோவில் 2, 21, 22, 30. இருபத்தொன்றில் ஸ்டேஷியஸ் என்ற ரோமானியக் கவி, முன்னால் நிற்பவர் யாரென்று தெரியாமலேயே வெர்ஜிலைப் புகழ்வார். படித்து மகிழுங்கள். மில்டனின் ‘பாரடைஸ் லாஸ்ட்’ முதலில் 1667இல் பத்துக் காண்டமாக வந்தது, 1674இல் ஈனியட்டைப் போலவே பன்னிரண்டாக்கினார். முதல் இரண்டு காண்டம் போதும்.

போர்ச்சுகீசியர் கமோயின்ஷின் ‘லூசியாட்ஸ்’ (1572) நம் பக்கத்துக் கடலுக்கே வருகிறது. வாஸ்கோ ட காமாவின் கோழிக்கோட்டுப் பயணம்தான் கதை. தொடக்கச் சொல்லே வெர்ஜிலைப் போலப் ‘படைக்கலங்கள்’. ஈனியஸ் டைடோவிடம் கதை சொல்வது போல் காமா கிழக்கு ஆப்பிரிக்காவின் மெலிந்தி அரசனிடம் தன் நாட்டின் கதையைச் சொல்கிறார். வீனஸ் இங்கேயும் காப்பாற்றுகிறாள். இடம் மாறினால் அதே அமைப்பு யாருடைய வெற்றியைப் பாட உதவுகிறது என்பதை நாம் நம் கரையிலிருந்து கவனிக்க வேண்டும்.

இன்றைய நாவல் வேண்டுமென்றால் அர்சுலா லெ குவினின் ‘லவீனியா’ (2008). ஈனியஸ் மணக்கப்போகும் பெண் லவீனியா காவியத்தில் ஒரு வார்த்தை பேசுவதில்லை, முகம் சிவப்பதோடு சரி (12.64). நாவல் முழுக்க அவள் குரல். ஹெர்மன் ப்ரோக்கின் ‘வெர்ஜிலின் மரணம்’ (1945) கவியின் கடைசி மணி நேரங்களைப் பற்றியது. பெயரைப் பார்த்து முதலில் எடுத்துவிடாதீர்கள், வாக்கியங்கள் பக்கக்கணக்கில் நீளும்.

நமக்கு ஒரு கிளைப்பாதையும் உண்டு. வெர்ஜில் பிறந்தது வட இத்தாலியின் மாந்துவா நகரத்துக்கு அருகில். ‘தேம்பாவணி’ பாடிய வீரமாமுனிவர் பிறந்த காஸ்திலியோனேயும் அந்த மாந்துவா வட்டாரம்தான். மூன்று காண்டம், முப்பத்தாறு படலம். வெர்ஜிலை முடித்த கையோடு அதன் நாட்டுப் படலத்தைப் படித்துப் பாருங்கள்.

8. நாள் கணக்கும் செலவும்

வாரத்துக்கு மூன்று மாலை, ஒரு மாலைக்கு ஒன்றரை மணி நேரம் என்று வைத்தால் எட்டு வாரம். முதல் வாரம் பெயர்த்தாளும் முதல் காண்டமும். இரண்டாம் வாரம் 2, 4. மூன்றாம் வாரம் ஆறாம் காண்டம் மட்டும். நான்காவதில் 3, 5, 7. ஐந்தாவதில் 8, 9, 10. ஆறாவதில் 11, 12. ஏழாம் வாரம் நான்கு பயிற்சிகள், எட்டாம் வாரம் ஓவிட், அகஸ்டின், தாந்தே. மில்டனும் கமோயின்ஷும் அதற்குப் பிறகு, உங்கள் வசதிக்கு. தேர்வுக்காகப் படிப்பவர்கள் நான்காம், ஐந்தாம் வாரங்களைச் சுருக்கிக்கொள்ளலாம். மூன்றாம் வாரத்தைச் சுருக்காதீர்கள்.

எனக்கு உண்மையில் பயன்பட்டவற்றுக்கு ஆன செலவு இவ்வளவுதான்: பழைய புத்தகக் கடையில் உரைநடை மொழிபெயர்ப்பு ஒன்று நூற்றிருபது ரூபாய், வரைபட அச்சு இருபது, இரண்டு குறிப்பேடுகள் தொண்ணூறு. மீதி எல்லாம் இலவசத் தளங்கள். பழைய புத்தகம் வாங்குவதானால் கடையிலேயே நின்று பன்னிரண்டாம் காண்டத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, டர்னஸின் உயிர் நிழலுலகத்துக்குப் போகும் வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.